தறியின் நேரமும் ஏட்டின் நேரமும்

ஆரணியில் சேலைக்குத்தான் கூலி பேசுவார்கள். நாளுக்குக் கூலி பேசும் வழக்கமில்லை. ஒரு பட்டுச் சேலையை நெய்து முடித்து, தறியினின்று அறுத்து மடித்து, முதலாளியின் கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கொண்டுபோய் வைத்தால், இன்ன கரைக்கு இன்ன தொகை, இத்தனை புட்டாவுக்கு இத்தனை தொகை என்று கணக்கிட்டுப் புத்தகத்தில் வரவு வைப்பர். அச்சேலையை நெய்தவர் விடியற்காலையில் நெய்தாரா, நள்ளிரவில் விளக்கு வெளிச்சத்தில் நெய்தாரா, இடையில் ஒருநாள் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் வந்தாரா என்று எவரும் கேட்பதில்லை. கமண்டல நாகநதியை அடுத்த இந்நகரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஏற்பாடு இது. தொழிலாளி தன் நேரத்துக்குத் தானே உடையவன் என்னும் பெருமை இதில் உண்டு. அந்நேரம் எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை என்னும் குறையும் இதிலேயே உண்டு.

கணக்கில் ஏறாத நேரம் எது என்பதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். சேலை என்பது நாடா ஓடும்போது மட்டும் உண்டாவதன்று. பட்டு நூலைச் சுற்றி எடுக்கவேண்டும். ஊடைக்குத் தார் சுற்றவேண்டும். புலர்காலைப் பொழுதில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்தவேண்டும். பழைய பாவு முடிந்தால் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். நெய்துகொண்டிருக்கையில் இழை அறும். கண்ணை இடுக்கிக்கொண்டு அதனைத் தேடி முடிச்சிட்டு, அச்சில் மீண்டும் கோக்கவேண்டும். மழைக்காலத்தில் தெருப்பாவு நடவாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். சரிகை வரவில்லை என்று காத்திருக்கும் நாட்களும் உண்டு. இவற்றுள் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் கைவேலை. நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, 2019-20-இல், நாட்டில் 35 லட்சத்திற்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்களே. எனினும் கூலிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், ஆரணியிலாயினும் பிற ஊரிலாயினும், பெரும்பாலும் அதில் இருப்பது ஒற்றைப் பெயர். தறியில் அமர்பவரின் பெயர்.

பட்டு உடுத்தலாமா என்னும் வினா நம் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவருவது. கூட்டுப்புழுவின் உயிரை எண்ணிப் பட்டை அறவே விலக்கியோர் நம்முள் பலர். நாமும் அவ்வாறே பருத்தியோடு நின்றவர். அவ்வினாவை நாம் மறக்கவில்லை. இங்குப் பேசப் புகுந்தது, பட்டை நெய்யும் மனிதரின் நாளைப் பற்றி. புழுவின் உயிருக்கு இரங்கும் நெஞ்சு, தறிக்குழியில் கால் வைத்திருப்பவரின் பொழுதையும் எண்ணிப் பார்த்தல் முறைதானே?

அண்மையில் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு சச்சரவு எழுந்தது. அங்குள்ள தறிகளுக்குப் பாவு கொடுக்கும் முதலாளி முதுமையுற்று, அவர் மகன் பொறுப்பேற்றிருக்கிறார். வணிக மேலாண்மை கற்ற இளைஞர். தம்மிடம் பாவு வாங்கிய ஒவ்வொரு தறியினின்றும் காலை 9 மணிக்கும் மாலை 7 மணிக்கும் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பவேண்டும், நெய்த துணியும் தறியில் ஆளும் தெரியவேண்டும், அன்று எத்தனை புட்டா வரிசை ஏறியது என்பதையும் எழுதவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அவர் பக்கத்தில் காரணம் இல்லாமலில்லை. முகூர்த்த மாதங்களுக்கென்று நகரத்துக் கடைகளில் ஏற்ற தேதிகள் இரண்டு முறை தவறின. முன்பணம் பெற்ற ஒரு தறியில் வேறொருவர் பாவு ஓடிக்கொண்டிருந்ததை அவரே நேரில் கண்டார். கொடுத்த பட்டும் சரிகையும் அவர் முதல். அது எந்நிலையில் இருக்கிறது என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை இல்லையென்று எவர் சொல்லமுடியும்?

அத்தெருவில் தறி வைத்திருக்கும் ஒருவரின் மனைவி, எட்டாம் வகுப்பு வரை நம்மிடம் பயின்றவர், ஒருநாள் மாலை வந்து திண்ணையில் அமர்ந்தார். “டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. கொடுத்த பாவை எடுத்துக்கிட்டு ஓடிடுவோமா நாங்க? மாமனார் காலத்திலேருந்து அந்தக் கடைக்குத்தான் நெய்யறோம்” என்றார். அவருக்கு உடனே விடை சொல்ல நாம் விரும்பவில்லை. நம் சமூகத்தவருள் உழவரும் ஆசிரியரும் மிகுதி. கடை நடத்துவோர் உண்டு. இன்றைய இளைஞருள் அலுவலகங்களில் பிறரை மேற்பார்க்கும் இடத்தில் இருப்போரும், பிறரால் மேற்பார்க்கப்படும் இடத்தில் இருப்போரும் உண்டு. ஆதலின் இவ்வழக்கில் இரு தரப்பும் நம் வீட்டுத் தரப்பே. பிறர் செய்யும் வேலையின் நேரத்தையும் அளவையும் கணக்கெடுப்பது எவ்வளவு தூரம் அறம், எவ்விடத்தில் அது அறம் அல்லாததாகிறது, அதனால் வேலை வளர்கிறதா தேய்கிறதா என்பதை ஆராய்ந்து பார்ப்பது நன்று என்று தோன்றிற்று.

முதலில், அளத்தலே தவறு என்று கூறுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. காலத்தைத் தனித் திரவியமாகக் கொண்டு, ‘சமயம்’ என்னும் பகுக்கவொண்ணாத நுண்ணலகு வரை எண்ணிச் சென்ற மரபில் வந்தோர் நாம். எண்ணிக்கையைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. சாமாயிகத்துக்கே இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், என்று வரையறை உண்டு. அவ்வரையறை எதற்காக என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அமர்ந்தவர் நாழிகையை எண்ணிக்கொண்டிருப்பதற்காக அன்று, எண்ணாதிருப்பதற்காக. எல்லை முன்னரே கட்டப்பட்டமையால் மனம் அதனை விட்டுவிட்டுத் தன் செயலில் நிற்கலாம். பள்ளியில் மணி அடிப்பதும் அத்தகையதே. மணி அடிக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஆசிரியர் கடிகாரத்தை மறந்து பாடத்தில் ஆழ்கிறார், மாணவரும் ஆழ்கின்றனர். மணி அடிப்பவர் மறந்துபோன நாட்களில் வகுப்பு என்ன பாடுபடும் என்பதை ஆசிரியராக இருந்தோர் அறிவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்வரிசைக் கழுத்துகள் சன்னல் பக்கம் நீளும்.

கணக்கு எளியோரின் காப்பாகவும் இருந்திருக்கிறது. சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினர். பி. பி. வாடியா தலைவராக நின்றார், திரு. வி. க. உடனிருந்து உழைத்தார். அத்தொழிலாளர் முதலில் எடுத்துரைத்த குறைகளுள் ஒன்று நண்பகல் உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. வீடு தூரம், சோறு கொண்டுவரும் பெண்கள் வாயிலில் நிற்பர், கை கழுவி உண்டு மீள்வதற்குள் சங்கு ஊதிவிடும். நிமிடத்தைக் குறித்துப் பேசியதனால்தான் அக்குறையைக் குறை என்று காட்ட முடிந்தது. பின்னர் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வளர்ந்தோருக்கு வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டி, வேலை நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவைக்கவும் விதித்தது. (இங்கும் 48 என்னும் எண்ணே வந்தது தற்செயல்தான், அதில் பொருள் தேடவேண்டா.) பதிவேடு இல்லாத இடத்தில் மிகை நேர வேலையை எவர் மெய்ப்பிக்க முடியும்? ஆரணியில் தார் சுற்றும் பெண்ணின் நேரம் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே அவர் வேலைக்குத் தனிக் கூலி கேட்க வாயுமில்லை.

ஆயின் தறியோரம் நின்று, இன்று எத்தனை முழம் என்று நாள்தோறும் கேட்கத் தொடங்கினால் என்ன நிகழும்? நெய்பவர் நேர்மையானவரே. எனினும் முழத்துக்கு விடை சொல்லவேண்டியவர் முழத்தையே நோக்குவார். அறுந்த இழை கண்ணில் படும். அதனைக் கோத்து முடிக்கக் கால் மணி ஆகும். அக்கால் மணி மாலைக் கணக்கில் தெரியாது. நாடா ஓடட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். ஊடையை நன்றாக அடித்து நெருக்கினால் துணி மெதுவாக ஏறும். சற்றே தளர விட்டால் விரைந்து ஏறும். எண்ணிக்கை கூடிற்று, சேலையோ மெலிந்தது. அது கடையில் விரித்துப் பார்க்கும்போதுதான் வெளிப்படும். பின்னர்க் கூலியில் பிடித்தம், பிடித்தத்தால் மனக்கசப்பு, மனக்கசப்பால் இன்னும் இறுக்கமான மேற்பார்வை. அளவுகோல் துணியை அளக்கவில்லை, துணியை மாற்றிவிட்டது.

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களின் அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துரைக்கிறது. நம் அருங்கலச்செப்பும் இல்லற ஒழுக்கத்தைச் சொல்லுகையில் அவற்றைத் தமிழில் தருகிறது. கொல்லாமையின் அதிசாரங்கள் ஐந்தில் ஒன்று, தாங்கும் அளவுக்கு மேல் சுமை ஏற்றுதல். கள்ளாமையின் அதிசாரங்கள் ஐந்தில் ஒன்று, குறைத்தும் கூட்டியும் அளத்தல். சுமையேற்றுதல் என்றால் வண்டிமாட்டையும், பொய்யளவு என்றால் படிக்கல்லையும் தராசையுமே நாம் நினைத்துவருகிறோம். மனிதரின் நாளை அளப்பதிலும் இவ்விரண்டும் நிகழக்கூடும். நெய்பவர் ஊடையைத் தளர்த்தினால் அது குறைந்த அளவு; கள்ளத்தின் பாற்பட்டது. முதலாளி தார் சுற்றிய நேரத்தையும் பாவு பிணைத்த நேரத்தையும் நூல் வாராமல் காத்திருந்த நாளையும் ஒதுக்கிவிட்டு, நாடா ஓடிய நேரத்தை மட்டும் வேலை என்று எழுதினால், அதுவும் குறைந்த அளவே. ஒரு தரப்பின் பொய்யளவு மற்றத் தரப்பின் பொய்யளவை வருவிக்கிறது என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். படிக்கல்லைத் தேய்த்தவன் கடையில் நல்ல நாணயம் நெடுநாள் விழாது.

மேலைநாட்டில் இந்த அளவை ஒரு சாத்திரமாகவே ஆக்கியவர் பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 1911-இல் வெளிவந்த தம் நூலில், பெத்லஹேம் எஃகு ஆலையில் இரும்புப் பாளங்களைச் சுமந்து ஏற்றும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிவந்தது தம் முறையால் நாற்பத்தேழரை டன்னாக உயர்ந்ததென்றும், அவர் கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட்டாக உயர்ந்ததென்றும் பெருமிதத்தோடு எழுதினார். இக்கதையின் விவரங்களைப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றதுண்டு. அவர் சொன்னபடியே கொண்டாலும், சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று, கூலி இரு மடங்குகூட ஆகவில்லை. ஓய்வு நேரத்தையும் அவர் கணக்கிட்டு வகுத்தார் என்பதை மறைக்கலாகாது. சுமப்பவர் எப்போது அமரவேண்டும் என்பதையும் மேற்பார்வையாளரே சொன்னார். தன் களைப்பையும் தான் அறியாதவனாக ஒரு மனிதனை ஆக்கிவிடும் முறை அது.

அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். கூலியைக் குறைத்ததனால் அன்று. கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் வந்து நின்றதனால். அமெரிக்கப் பேரவை விசாரணைக் குழு அமைத்தது. 1915-இல் அரசுப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்தையே தடை செய்யுமாறு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தனர். அத்தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கடிகாரம் ஒரு தீங்கும் செய்யாத பொருள். அதனைப் பிடித்த கை எவருடையது என்பதே அங்கு வழக்காயிற்று.

இனி, நெசவைப் பற்றியதும் நம் நாட்டதுமான ஒரு செய்தி. அகமதாபாத்தில் காலிகோ ஆலை என்று பெயர் பெற்றது, சாராபாய் குடும்பத்தார் நடத்திய துணியாலை. அவர்கள் குஜராத்தி ஜைனர் என்பதை நம் வாசகர் அறிவர். 1950-களின் தொடக்கத்தில் அங்குத் தானியங்கித் தறிகள் நிறுவப்பெற்றன. ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று வல்லுநரைக் கொண்டு அளந்து, அதற்கேற்ப வேலைகளைப் பிரித்துக் கொடுத்தனர். ஒரு கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர். அவர்களுக்குப் பன்னிரண்டு வகைப் பணிகள். நெசவாளர் ஒருவர் 24 அல்லது 32 தறிகளைக் கவனிப்பார். தார் நிரப்புபவர் 40 முதல் 50 தறிகள் வரை கவனிப்பார். இவ்வாறு ஒவ்வொருவர் எல்லையும் வேறு வேறு. கணக்குப்படி எல்லாம் பொருந்தியிருந்தன. ஆனால் எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை, பழுதும் குறையவில்லை. எந்தத் தறியின் துணிக்கு எவர் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரும் விடை சொல்ல இயலாத நிலை.

1953-இல் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் அங்கு வந்து பார்த்தார். ஒரு குறிப்பிட்ட தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவே முழுமையும் பொறுப்பேற்றுக் கொள்ளட்டும் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். தொழிலாளரும் மேற்பார்வையாளரும் அக்கருத்தைப் பற்றிக்கொண்டு, எவர் எவரோடு சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர் என்று 1958-இல் வெளியான தம் நூலில் ரைஸ் பதிவு செய்திருக்கிறார். 64 தறிகளுக்கு 7 பேர் என்று குழுக்கள் அமைந்தன. தறிகளின் செயல்திறன் நூற்றுக்கு 80 அளவிலிருந்து 95 அளவுக்கு உயர்ந்தது. பழுதான துணி நூற்றுக்கு 32 அளவிலிருந்து 20 அளவுக்கு இறங்கியது. அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டதற்குக் காரணங்கள் வேறு.

இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டுவது ஒன்று. அவ்வாலையில் கணக்கு எழுதுவதை நிறுத்திவிடவில்லை. ஒவ்வொரு முறைவேலையின் முடிவிலும் எத்தனை கெஜம், எத்தனை பழுது என்று எழுதியே வந்தனர். எழுதாவிடில் மேற்சொன்ன எண்களை நாம் எங்ஙனம் அறிவோம்? மாறியது எதனைக் கணக்கிட்டனர் என்பது. ஒருவன் கை ஒரு நிமிடத்தில் என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு, எழுவரின் பொறுப்பில் உள்ள துணி எப்படி வந்தது என்பதைக் கணக்கிட்டனர். அறுந்த இழையைக் கண்டவர் எவராயினும் அவரே கோத்தார். அது தன் வேலையா பிறர் வேலையா என்னும் வினாவுக்கு இடமில்லாமற் போயிற்று. ஆரணியின் வீட்டுத்தறியில் கணவனும் மனைவியும் மகளும் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுவே. ஆலைக்காரர் கோடிகளைச் செலவிட்டுச் சென்று சேர்ந்த இடம் நம் தெருவில் முன்பே இருக்கிறது. அதன் கணக்குத்தான் சரியாக எழுதப்படவில்லை.

பள்ளியிலும் இச்செய்தி வேறொரு கோலத்தில் உண்டு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நமக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தபோது, ஒவ்வொரு படிநிலைக்கும் எதிரே நிமிடம் குறிக்கச் சொல்வர்: ஊக்குவித்தல் 5, பாடம் விளக்கல் 20, வலியுறுத்தல் 10, மதிப்பிடல் 5. பயிற்சி மாணவிக்கு அது பேருதவி. பாடத்தைத் தொடங்குமுன் அதன் உருவம் மனத்தில் நின்றுவிடும். நாற்பது நிமிடத்தில் ஒரு செய்யுளைக் கடலாக விரித்துக் கரையேறாமல் தவிக்கும் இளம் ஆசிரியரை அந்த நான்கு எண்கள் காப்பாற்றும். அது தன் கையால் தனக்கு எழுதிய கணக்கு. பிற்காலத்தில், பணியாற்றிய ஒரு பள்ளியில், முடித்த பாடத்தை முடித்தவாறே ஏழு வெவ்வேறு ஏடுகளில் எழுதிக் கையொப்பம் வாங்கவேண்டும் என்று விதித்தனர். ஒரே செய்தி, ஏழு ஏடு. ஆசிரியைகள் வெள்ளிக்கிழமை பிற்பகலில், மாணவரை அமைதியாக எழுதச் சொல்லிவிட்டு, அந்த வாரத்து ஏடுகளை நிரப்புவர். பாடம் நடந்ததற்குச் சான்று எழுதும் பொருட்டு வாரத்திற்கு இரண்டு பாடவேளைகள் பாடம் நடவாமற் போயின. மேலதிகாரி வரும்போது ஏடுகள் பளபளவென்று இருந்தன.

நம் தமையனார் பேரன் சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறான். அவன் நாள்தோறும் டைம்ஷீட் என்னும் படிவத்தில், கால் மணிக்கு ஒரு வரியாக, செய்த வேலையை நிரப்பவேண்டும். “அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு ஆகும் நேரத்தை எழுதவும் அதிலேயே ஒரு வரி இருக்கிறது, பாட்டி” என்று சொல்லி அவன் சிரித்தபோது நமக்கும் சிரிப்பு வந்தது. உடன் பணிபுரிவோரின் கணினித் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்து மேலாளருக்கு அனுப்பும் நிறுவனங்களும் உண்டாம். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கிய பின் இது மிகுந்தது என்கிறான். அதற்கு விடையாக, ஆள் இல்லாதபோதும் கணினியின் சுட்டியை அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பாவனை காட்டியதற்காகப் பத்துக்கு மேற்பட்ட ஊழியரை 2024-இல் பணிநீக்கம் செய்தது. அவர்கள் செய்தது பொய், ஐயமில்லை. ஆனால் விசை அசைவதே வேலை என்று முதலில் சொன்னவர் எவர்?

ஏழையர் வேலையிலும் இது புகுந்தது. நூறு நாள் வேலைத் திட்டத்தில், வருகையைப் பதிவு செய்யக் கைப்பேசிச் செயலி வழியாக நாளுக்கு இரண்டு முறை நேரம் பொறித்த படம் எடுக்கவேண்டும் என்பது 2023 சனவரி முதல் நாட்டின் எல்லாப் பணியிடங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. போலி வருகையை ஒழிப்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். 2025 சூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கையில், தொடர்பில்லாத படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றியவையும் காணப்படுவதாக எழுதவேண்டி வந்தது. காலையில் வேலையை முடித்துவிட்ட மூதாட்டி இரண்டாம் படத்திற்காக வெயிலில் காத்திருப்பதும், வேலைக்கே வாராதவர் படத்தில் இருப்பதும் ஒரே செயலியில் நிகழ்ந்தன. ஏரியின் கரை எவ்வளவு உயர்ந்தது என்பதைப் படம் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத் திண்ணையில் காத்திருந்த அம்மாணவியிடம், அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு முதலாளியின் மகனைப் பார்க்கப் போகலாம் என்றோம். வழக்காடுவதற்கு அன்று. அவருக்கு வேண்டியது என்ன என்று கேட்பதற்கு. அந்த இளைஞர் மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு அமரவைத்துப் பேசினார். கேட்கக் கேட்கத் தெரிந்தது இது: அவருக்குக் காலை 9 மணிப் படத்தில் விருப்பமில்லை. சேலை எந்நாளில் கைக்கு வரும் என்று கடைக்காரருக்குச் சொல்லமுடிய வேண்டும்; தாமதமாகுமெனில் முன்கூட்டியே தெரியவேண்டும்; தம் பாவு தம் தறியில்தான் ஓடுகிறது என்ற உறுதி வேண்டும். இம்மூன்றுக்கும் ஆளின் முகம் தெரியும் படம் எதற்கு? ஒவ்வொரு தறியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும், அதனை நெய்யும் வீட்டாரே எழுதட்டும், சனிக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பட்டும் என்று பேசி முடிந்தது.

அந்நோட்டில் நான்கு பத்திகள் கோடிட்டோம். ஏறிய புட்டா வரிசை ஒன்று. இழை அறுந்தும் பாவு பிணைத்தும் போன நேரம் ஒன்று. பட்டோ சரிகையோ வாராமல் தறி நின்ற நாள் ஒன்று. நூல் சுற்றவும் தார் சுற்றவும் ஆன நேரம் ஒன்று. முதல் இரண்டுக்கு அவர் தடை சொல்லவில்லை. மூன்றாவதைக் கண்டு சற்றுத் தயங்கினார், பின் இசைந்தார். நான்காவது எதற்கு என்று கேட்டார். வேலை நடக்கிறதல்லவா, எழுதிவைப்பதில் என்ன குற்றம் என்றோம்.

இரண்டு மாதம் ஆயிற்று. மகள் பள்ளிவிட்டு வந்து, தாயிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள். எழுத ஆகும் நேரம் ஒரு தார் சுற்றும் நேரத்திற்குமேல் இல்லை. மூன்றாவது பத்தியைப் பார்த்தபின், தாமதத்தில் ஒரு பங்கு தம் கடையிலிருந்து சரிகை பிந்திப் போனதால் வந்தது என்று அந்த இளைஞரே ஒப்புக்கொண்டு, இப்போது பாவோடு சரிகையையும் சேர்த்தே அனுப்புகிறார். வேறு மூன்று தறிகளிலும் நோட்டு வந்துவிட்டது; ஒரு வீட்டார் மட்டும் தமக்கு இது வேண்டாம், சேலையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மறுத்துவிட்டனர். அவர்களை வற்புறுத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

நான்காவது பத்திக்கு அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஏறும் மணிகள் நாடா ஓடிய மணிகளுக்கு அருகில் வந்துகொண்டிருக்கின்றன. தைக்குப் பிறகு கூலி பேசும் நாள் வரும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்வதாக அம்மாணவி சொல்லியிருக்கிறார். அதுவரை எழுதிக்கொண்டு வருகிறார்.